குகைவாயில் கருங்காவலி

கறுப்பாகப் பிறந்தவர் அனைவரும் தீயவரே என்று ஒருவர் என் எதிரில் அமர்ந்து சட்டம் பேசுவார் என்றும், அதனை நான் தேநீர்க் குவளையும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருக்க நேரும் என்றும், தமிழாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் நான் எண்ணியதில்லை. பேசியவர் பெங்களூரில் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணியாற்றிய ஐயாதுரை என்னும் பொறியாளர். இடம், இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை. 1994-ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறை. அவருக்கு முன்னால் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று விரிந்து கிடந்தது.

“சார், ரூல் புக்ல தெளிவா இருக்கு. டார்க் எல்ஃப்னாலே கெட்டவங்க. அவங்க தோல் கறுத்ததே அவங்க பண்ணின துரோகத்துக்குக் கெடச்ச தண்டனை. இந்தப் பொண்ணு எழுதியிருக்கறது அடிப்படையிலேயே தப்பு. இதுக்குப் பரிசு குடுக்க முடியாது” என்றார் அவர்.

இது எந்த விளையாட்டு என்று கேட்போருக்கு முதலில் விளக்கிவிடுகிறேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். இது குகை என்பார், இது மழை என்பார், எதிரே பகை என்பார். மற்றவர் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ வேடமேற்று, தாம் செய்வதை வாயால் சொல்வர். சொன்னது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். மேடையில்லாத, முடிவு எழுதப்படாத நாடகம் என்று கொள்க. அமெரிக்காவில் எழுபதுகளில் தோன்றியது. அதில் எல்ஃப் என்றோர் இனம் உண்டு. நீண்ட செவியும் நெடிய ஆயுளும் உடைய கானகத்து மாந்தர். அவர்களுள் மண்ணுக்கடியில் வாழும் கருநிறப் பிரிவினரே டார்க் எல்ஃப். கருமேனி, வெண்கூந்தல், சிலந்தித் தெய்வம், பெண்களின் ஆட்சி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால் கொடியவர் என்று அந்தப் புத்தகம் முடிவுகட்டி வைத்திருந்தது. நான்கில் எது குற்றம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஐயாதுரை குறிப்பிட்ட ‘இந்தப் பொண்ணு’ ஜெய்னப். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் வசிப்பவள்; நாள்தோறும் டவுன் பஸ்ஸில் இராஜபாளையத்துக்குச் சென்று, மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் ஆலையொன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய அண்ணன் சேக் முகைதீன் இராஜபாளையத்தில் மருந்து மொத்த வணிகம் செய்தான். அவர்களின் உறவினர் பிச்சை முகம்மது கப்பலில் வேலை பார்த்தவர். அவர் 1986-இல் சிங்கப்பூரில் பழம்பொருள் கடையொன்றில் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிவந்து கொடுத்தார். பெட்டியில் மூன்று புத்தகங்கள் இருந்திருக்க வேண்டும், இருந்தவை இரண்டே. இன்னின்ன இனத்தார் இன்னின்ன குணத்தார் என்று விவரிக்கும் மூன்றாம் புத்தகத்தை முந்தைய உரிமையாளர் எங்கோ தொலைத்துவிட்டார். அப்படியொரு புத்தகம் உண்டு என்பதே இவர்களுக்குத் தெரியாது. அவர் தொலைத்ததற்கு நான் இன்றளவும் நன்றியுடையவன்.

பெட்டியில் சில படத்தாள்கள் இருந்தன. ஒரு தாளில், குகைவாயிலில் கருமேனியும் வெண்கூந்தலுமாக ஒருத்தி வாளோங்கி நிற்கிறாள்; வாயிலின் மேற்புறத்தில் சிலந்தி செதுக்கப்பட்டிருக்கிறது. ஞாயிறு பிற்பகல்களில் சேக் முகைதீன் கடை மாடியில் கூடி ஆடியவர்கள் நால்வர்: அண்ணன், தங்கை, படையிலிருந்து திரும்பி நூற்பாலையொன்றின் வாயிற்காவலராக இருந்த ஆண்டிச்சாமி, ஜெய்னப்பின் ஆலையில் துணிமடிக்கும் பிரிவில் வேலை பார்த்த வன்னியம்பட்டிக் குருவம்மாள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது அவர்களிடையே நடந்த பேச்சை ஜெய்னப் எனக்குப் பன்முறை நடித்தே காட்டியிருக்கிறாள்.

“இது யாருண்ணே?”

“டார்க் எல்ஃப்னு கீழ போட்டிருக்கு. நல்லவளா கெட்டவளான்னு போடலியே” என்று சேக் முகைதீன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஆண்டிச்சாமி தாளைப் பறித்தார். “இதுல என்னலே சந்தேகம்? வாள ஓங்கிக்கிட்டு வாசல்ல நிக்கான்னா காவலுக்கு நிக்கா. திருடவந்தவ வாசல்லயா நிப்பா?”

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். “அவ தலையப் பாருங்க. நரைன்னா நினைக்கிய? பஞ்சு ஒட்டியிருக்கு. ஸ்பின்னிங்ல ஷிப்ட் முடிஞ்சு வாரவ தலை இப்படித்தான இருக்கும். மேல பாரு, எட்டுக்கால் பூச்சி. நூல் நூக்கவளுக்கு வேற எதச் சாமியா வைப்பாவ?”

“அப்பம் நம்ம ஆளுகதான்னு சொல்லு” என்றாள் ஜெய்னப்.

உலகின் வேறெந்த மூலையிலும் இந்தப் பிழை நேர்ந்திருக்க முடியாது. நூற்பாலைச் சங்கு ஊதியதும் தலையெல்லாம் பஞ்சுத்துகள் வெளுத்திருக்க, கறுத்த முகங்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறும் ஊரில் வாழ்பவர், அந்தப் படத்தில் வேறு எதைக் காண்பர்? அன்றிலிருந்து அவர்களின் மேசையில் டார்க் எல்ஃப் என்பவர் கருங்காவலர் ஆயினர். எங்கள் ஊருக்கு அருகிலுள்ள பிளவக்கல் மலைக்கு அடியில் அவர்கள் குடியிருப்பதாகவும், மலையின் விரிசல்களை நூலால் தைத்து, ஊற்றுநீரைக் காப்பதாகவும் கதை வளர்ந்தது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அயலூர் ஆட்டக்காரர் எவரையும் அவர்கள் சந்திக்கவில்லை. ஆதலால் அவர்களைத் திருத்தவும் எவருமில்லை.

பெங்களூரில் இயங்கிய ஆட்டக்காரர் சங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. சிறந்த சாகசக் கதையை எழுதுபவரின் படைப்பு அச்சிடப்பட்டு, சென்னை முதல் பம்பாய் வரை எல்லாக் கிளைகளிலும் ஓராண்டு முழுவதும் ஆடப்படும். தமிழிலும் எழுதலாம். பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கு வரும் சங்கச் செயலாளர் ஐயாதுரை, வழியில் இராஜபாளையத்தில் இறங்கி இறுதிச் சுற்றை நடத்துவதாக ஏற்பாடு. நடுவர் மூவர்: ஐயாதுரை, ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியை கிருபாபாய், தமிழுக்காக நான்.

ஜெய்னப் தன் கருங்காவலர் கதையை எழுதி அனுப்பினாள். ஒற்றுப்பிழை பக்கந்தோறும் மலிந்திருந்தது. அதற்காக நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன். கதையில் குறைக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கிருபாபாயும் அதனையே முதலிடத்தில் வைத்திருந்தார். ஐயாதுரை மட்டும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இந்த இனத்தை முதலில் படைத்தவர் யார்?” என்று நான் கேட்டேன். மூலம் எது என்று கேளாமல் எந்தப் பாடத்தையும் ஒப்புக்கொள்வது என் வழக்கமன்று.

அவர் ஆர்வத்துடனேயே விடை சொன்னார். கற்றவர் என்பதில் ஐயமில்லை. “ஐரோப்பாவோட வடகோடியில பல நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதிவச்ச பழங்கதையில ரெண்டு வரி வருது சார். வெளிச்சத்து எல்ஃபுங்க மேலே இருப்பாங்க, இருட்டு எல்ஃபுங்க மண்ணுக்குக் கீழே, தாரை விடக் கறுப்பா இருப்பாங்கன்னு. அப்புறம் ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கிற தீவுகள்ல மக்கள் ஒரு மாதிரியான பூதங்களைப் பத்திப் பேசுவாங்க. அந்தப் பேரையும் எடுத்துக்கிட்டாங்க.”

“துரோகம், தண்டனை, சிலந்தி, பெண்ணாட்சி?”

“அதெல்லாம் அமெரிக்காவுல கேம் எழுதினவங்க சேர்த்தது.”

“எப்போது?”

“எழுபதுகள்ல ஆரம்பிச்சு… கொஞ்சம் கொஞ்சமா.”

“ஆக, பழைய நூலில் இருப்பது இரண்டு வரி. மீதியெல்லாம் நம் காலத்தவர், நாற்காலியில் உட்கார்ந்து, தம் மனம்போனபடி இட்டுக்கட்டியது. அவர் இட்டுக்கட்டினால் சட்டம். எங்கள் ஊர்ப்பெண் இட்டுக்கட்டினால் பிழை. நிறம் கறுத்தால் நெஞ்சும் கறுக்கும் என்று எழுதியவனை விட்டுவிட்டு, காவல் நிற்கிறாள் என்று எழுதியவளையா நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பது?” என் குரல் தாழ்வாரம் வரை எட்டியிருக்க வேண்டும், ஓர் ஆசிரியர் அறைக்கு அது புதிதன்று.

கிருபாபாய் என்னை அமர்த்தினார். “ஐயா, செத்த நேரம் பொறுங்க. எழுதினவளையும் கூப்பிட்டுக் கேப்போம்.”

ஜெய்னப் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் அழைக்கப்படாமலேயே ஆண்டிச்சாமியும் குருவம்மாளும் சேக் முகைதீனும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றனர். ஐயாதுரை அவளிடம் அன்பாகவே பேசினார்; அதுதான் எனக்கு மேலும் எரிச்சலூட்டியது.

“உங்க எழுத்து அருமையா இருக்கும்மா. ஒரே ஒரு மாற்றம் பண்ணுங்க. இவங்க டார்க் எல்ஃப் இல்ல, சாதா எல்ஃப்னு வச்சிடுங்க. தோல வெள்ளையாக்கிடுங்க. அவ்வளவுதான். இன்னிக்கே முதல் பரிசுன்னு அறிவிச்சிடறேன். கறுப்பாவே இருக்கணும்னா, புத்தகத்துல இருக்கிற மாதிரி கெட்டவங்களா ஆக்கிடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

 ஜெய்னப்புக்கு அந்தப் பரிசு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் அறிவேன். பேருந்திலும், சோதனைக்கூடத்து இடைவேளையிலும், வீட்டில் பிறர் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்திலுமாக அவள் எழுதிய கதை அது. பம்பாயில் எவனோ ஒருவன் தன் கருங்காவலரைச் சந்திப்பான் என்று அவள் என் வாசலில் நின்று சொன்னபோது அவள் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அது அவள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சொல்லை மாற்றினால் போதும்.

“சார், நான் எங்க வேலை பாக்கேன்னு தெரியுமா?” என்றாள் அவள். “கட்டுத்துணி மில்லுல. தறியில இருந்து வாரப்ப துணி பழுப்பாத்தான் இருக்கும். ப்ளீச்சிங் தொட்டில போட்டு அவிச்சு வெள்ளையாக்குவோம். துணிக்கு அது சரி, புண்ணுல வைக்கணும். என்னையப் பொண்ணு பாக்க வந்த ஒரு வீட்டுலயும் அதத்தான் சொன்னாவ. புள்ளை லெச்சணமா இருக்கு, கொஞ்சம் வெளுப்பா இருந்திருக்கலாம்னு. எங்கம்மா அழுதாவ. நான் சொன்னேன், மில்லுல தொட்டி சும்மாத்தான் கெடக்கு, முக்கி எடுத்துத் தாரேன்னு.”

வாசலில் குருவம்மாள் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அங்க முடியாதுன்னுட்டு இங்க வந்து என் கையால நானே முக்குவனா? நல்லவளா இருக்கணும்னா வெளுக்கணும், கறுப்பா இருக்கணும்னா கெட்டுப்போகணும். இந்த ரெண்டும் இல்லாம மூணாவதா ஒண்ணு இல்லியா, சார்?”

“சமீபத்துல கதைகள்ல நல்ல டார்க் எல்ஃபும் வராங்கம்மா. தன் கூட்டத்தை வெறுத்து, அவங்களை விட்டு ஓடி வந்தவங்க…”

“நல்லவனாகணும்னா ஓடிறணும். சொந்தக்காரவுகள விட்டுட்டு ஓடி வந்தவன் மட்டுந்தான் நல்லவன். அப்படித்தான?”

ஐயாதுரை புத்தகத்தை மூடினார். ஆண்டிச்சாமி வாசலில் நின்றவாறே தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஓர் உண்மையையும் இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். ஐயாதுரையிடம் நான் கொண்ட சினத்தில் ஒரு பங்கு நமக்கும் உரியது. ஊரெல்லையில் கரிய தெய்வத்தை நிறுத்தி, அதன் காலடியில் பொங்கல் வைத்துக் கும்பிட்ட அதே கையால்தான், மணமகள் தேவை என்னும் விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று எழுதுகிறோம். அமெரிக்கர் புத்தகத்தில் அச்சிட்டதை நாம் வீட்டுக்கூடத்தில் பேசுகிறோம். வேறுபாடு அட்டைப்படத்தில் மட்டுமே.

கிருபாபாய்தான் வழி சொன்னார். “நாம மூணு பேரும் இத வாசிச்சிருக்கோம், ஆடிப் பாக்கலியே. ஐயாதுரை, நீங்களே உக்காந்து ஆடுங்க. ஜெய்னப் நடத்தட்டும். மத்த குகையில டார்க் எல்ஃபப் பாத்தா என்ன செய்வீங்களோ அதையே இங்கயும் செய்யுங்க. அப்படிச் செஞ்சு ஜெயிச்சு வெளிய வந்துட்டீங்கன்னா, இது பழைய பூதத்துக்குப் புதுப்பேரு வச்ச கதைதான்னு நானும் ஒத்துக்கறேன். என் ஓட்டு உங்களுக்கு.”

“சரி மேடம்” என்றார் ஐயாதுரை. “ஆனா ஒண்ணு. என் வீரன் இதுவரைக்கும் எத்தனையோ டார்க் எல்ஃப வெட்டினவன்.”

“வெட்டட்டும் சார்” என்றாள் ஜெய்னப். “வாங்க.”

பள்ளியின் பெரிய கூடத்தில் மேசை போடப்பட்டது. ஐயாதுரையுடன் பெங்களூரிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவர் இருவரும் ஆடுவதற்கு அமர்ந்தனர். இறுதிச் சுற்றுக்கு வெளியூர்களிலிருந்து வந்திருந்த மற்றக் குழுவினர் தம் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் நின்றனர். பெஞ்சின் மீது ஏறி நின்ற ஆண்டிச்சாமியை இறங்கும்படி நான் கூறினேன், அவர் செவிசாய்க்கவில்லை.

ஜெய்னப் தொடங்கினாள். மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஊற்று வற்றிக்கொண்டு வருகிறது. காரணம் கண்டறிய அரசன் மூன்று வீரரை மலைக்குள் அனுப்புகிறான். பாறைகளைத் தாண்டி மூவரும் குகைவாயிலை அடைந்தனர்.

“வாசல்ல ஒருத்தி நிக்கா. மேனி கன்னங்கரேல்னு இருக்கு. முடி வெள்ளை. கையில வாள ஓங்கியிருக்கா.”

“டார்க் எல்ஃப்!” என்று மாணவன் ஒருவன் கூவினான். “அட்டாக்! நான் ஓடிப்போய் வெட்டறேன்.”

“நானும்!” என்றான் மற்றவன்.

பகடைகள் உருண்டன. ஜெய்னப் எண்களைப் பார்த்தாள். “நீங்க ஓடுற தரையில கண்ணுக்குத் தெரியாத நூலு விரிச்சிருக்கு. காலுல சுத்திருச்சு. ரெண்டு பேரும் தலைகீழாத் தொங்குதீங்க. அவ வாள் உங்க மேல படல. அவ நகரவே இல்ல.”

கூட்டத்தில் சிரிப்பெழுந்தது. “தொங்குலே, தொங்கு!” என்றார் ஆண்டிச்சாமி. அந்த மாணவர்களும் சிரித்தார்கள், ஐயாதுரை சிரிக்கவில்லை. அவர் தேர்ந்த ஆட்டக்காரர். மேசையின் மீது குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

“நான் ஓடல. நின்ன இடத்துலயே நிக்கிறேன். அவகிட்ட விஷ அம்பு இருக்கா?”

“தெரியல.”

“பின்னாடி வேற ஆளுங்க ஒளிஞ்சிருக்காங்களா?”

“தெரியல. அவ ஒருத்திதான் தெரியுதா.”

“என்னைப் பாத்து மந்திரம் சொல்றாளா?”

“இல்ல.”

“வேற என்னதான் செய்றா?”

“நிக்கா.”

 ஜெய்னப் குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. “அவ உங்களப் பாக்கவே இல்ல. உங்க தலைக்கு மேல, நீங்க ஏறி வந்த பாதையப் பாத்துக்கிட்டு நிக்கா. வெயில்ல நின்னு நின்னு வாளோட பிடி அவ கை மாதிரியே தேஞ்சிருக்கு. கண்ணு இமைக்கல. நேத்தும் அங்கதான் நின்னிருப்பா. நீங்க பொறக்கறதுக்கு முந்தியும் நின்னிருப்பா. பின்னாடி, குகைக்குள்ள, தண்ணி சொட்டுற சத்தம் கேக்கு. அந்தச் சத்தத்துக்கும் உங்களுக்கும் நடுவுல அவ நிக்கா.”

ஐயாதுரை பகடையைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை. அவர் வெட்டுகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜெய்னப்பின் கதை வெறும் குகை, வெறும் பூதம், வெறும் சண்டை என்று ஆகிவிடும். ஜெய்னப்பின் கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. எங்கள் எல்லோருடைய கண்களும் ஐயாதுரையின் கையிலேயே இருந்தன.

குருவம்மாளின் கண் மட்டும் வேறெங்கோ இருந்தது.

“சார்” என்றாள் அவள், மேசைக்கு அடியில் கைகாட்டி. “பூட்ஸக் கழத்திட்டிய!”

எல்லோரும் குனிந்தோம். உண்மைதான். ஐயாதுரையின் பளபளத்த காலணிகள் இரண்டும் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தன. அவருடைய பாதங்கள் வெறும் தரையில் இருந்தன. அவரும் எங்களோடு சேர்ந்து குனிந்து, தம் கால்களைத் தாமே புதிதாகக் காண்பவர்போலப் பார்த்தார்.

கூடம் வெடித்துச் சிரித்தது. அவர் முகம் சிவந்தது; பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். அதுவரை அவர் பேசிவந்த நகரத்துத் தமிழ் எங்கோ போய்விட்டது.

“எங்க ஊரு எல்லையில சொடலை நிக்காரு. இதே மாதிரிதான், கறுப்பா, அருவாள ஓங்கிக்கிட்டு. அந்தப் பக்கம் போனா செருப்பக் கையில எடுத்துக்கிட்டுதான் போவோம். எங்கப்பா வண்டியிலருந்து இறங்கிருவாவ. இவ சொல்லச் சொல்ல… எப்பக் கழத்துனேன்னே தெரியல.”

“கழத்துனது நீங்களா, உங்க வீரனா?” என்று ஜெய்னப் கேட்டாள்.

“ரெண்டு பேருந்தாம்மா.” அவர் பகடையை மேசையில் வைத்துவிட்டார். “என் வீரன் வாளத் தரையில போடுதான். செருப்பக் கழத்திட்டு, கையெடுத்துக் கும்பிடுதான்.”

“எனக்குக் கும்பிடு வராது. என் ஆளா இருந்தா சலாம் போடுவா. அவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்றாள் ஜெய்னப். “சார், அவ மொத மொறையா உங்களப் பாக்கா. வாள இறக்குதா. உள்ள வான்னு தலைய ஆட்டுதா.”

அதன்பின் நடந்தவற்றை நான் விரித்தெழுதினால் ஜெய்னப்பின் கதையைத் திருடியவன் ஆவேன். அது அச்சில் வந்திருக்கிறது, வேண்டுவோர் ஆடிக்கொள்க. இவ்வளவு சொல்லலாம். குகைக்குள் கருங்காவலர் கூட்டம் நூல் நூற்று, அதனை மலையின் விரிசலுக்குள் செலுத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. மலைக்கு மேலே அரசனின் ஆட்கள் கல்லுடைக்கிறார்கள், விரிசல் அகல்கிறது, ஊற்று வற்றுவதன் காரணம் அதுவே. வாயிலில் நின்றவளை வெட்டியிருந்தால் ஓர் இழை அறுந்திருக்கும். ஓர் இழை அறுந்தால் மலை சரிந்து ஊரை மூடியிருக்கும். தொங்கிக்கொண்டிருந்த மாணவர் இருவரும் அவிழ்த்துவிடப்பட்டதும், இழைகளை இழுத்துப் பிடிக்க அவர்களே முண்டியடித்தனர். ஐயாதுரையின் வீரன் மேலே ஏறி, தன்னை அனுப்பிய அரசனின் ஆட்களையே எதிர்த்து நின்றான்.

கடைசிப் பகடை அவருடையது. பாறை உருள்கிறது, தாங்குவானா, மாட்டானா? இருபது முகங்கள் கொண்ட பகடை அது. அவர் அதனை உள்ளங்கையில் வைத்து ஊதினார், உருட்டினார். மேசையின் ஓரம் வரை உருண்டு சென்று நின்றது. இருபது.

அந்தக் கூடத்தில் எழுந்த ஆரவாரத்தை எந்த ஆண்டுவிழாவிலும் நான் கேட்டதில்லை. ஆண்டிச்சாமி பெஞ்சிலிருந்து குதித்தார். சேக் முகைதீன் தங்கையின் தோளைப் பற்றிக் குலுக்கினான். “ஏட்டி, மலையவே நிறுத்திட்டியே!” என்று குருவம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். ஜெய்னப் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

நடுவர் மூவரும் ஆசிரியர் அறைக்குத் திரும்பினோம். முடிவில் வேறுபாடில்லை. ஆயினும் ஐயாதுரை பேனாவைத் திறந்தபடி ஒரு வேண்டுகோள் வைத்தார். பழக்கம் எளிதில் போகாதல்லவா?

“முதல் பரிசு இதுக்குத்தான். அச்சடிக்கும்போது அடியில ஒரு சின்னக் குறிப்பு மட்டும் போட்டுக்கலாமா? ‘இவர்கள் உண்மையான டார்க் எல்ஃப் அல்லர்’னு.”

ஜெய்னப் வாசலிலேயே நின்றிருந்தாள். “போடக் கூடாது சார். அப்படிப் போட்டா எனக்குப் பரிசு வேண்டாம்.”

நான் எழுந்து நின்றேன். “உண்மையான டார்க் எல்ஃப் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், ஐயா? கதவிலக்கம் சொல்லுங்கள், நேரில் சென்று பார்த்துவிட்டு வருகிறேன். இல்லாத ஒருவரைப் பற்றி இருவர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் அச்சில் முந்திக்கொண்டார், அவ்வளவே. முந்தியவர் எழுதியது உண்மை, பிந்தியவள் எழுதியது போலி என்று அடிக்குறிப்பு இடும் அதிகாரத்தை உமக்கு யார் வழங்கினர்?”

கிருபாபாய் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குறிப்பு போடணும்னா ரெண்டு புத்தகத்துலயும் போடுங்க. அவங்க புத்தகத்துலயும்.”

ஐயாதுரை எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு, எழுதத் தொடங்கியிருந்த வரியை அழுத்தமாக அடித்தார். அடித்ததை ஜெய்னப்பிடம் திருப்பிக் காட்டினார். “போதுமா?”

“தாளையே மாத்திருங்க சார். அடிச்சது தெரியுது.”

அவர் தாளை மாற்றினார்.

முடிவை அவரே மேடையேறி அறிவித்தார். முதல் பரிசு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெய்னப் எழுதிய கருங்காவலர் கதை. ஒரு சொல்லும் மாற்றப்படாமல் அச்சிடப்படும். ஓராண்டு முழுவதும் எல்லாக் கிளைகளிலும் ஆடப்படும். சொன்னபடியே செய்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கோடையில் பம்பாயிலிருந்து வந்த கடிதமொன்றில் யாரோ ஒருவர், தாம் வெட்ட வந்து காவலாளாக மாறிவிட்டதாக எழுதியிருந்தார்.

அறிவிப்போடு கூட்டம் கலையும் என்று எதிர்பார்த்தோம். கலையவில்லை. தலைகீழாகத் தொங்கிய பெங்களூர் மாணவன் முதல் ஆளாக ஜெய்னப்பின் மேசைக்கு ஓடிவந்தான்.

“மேடம், என் பழைய ஆளு வேணாம். எனக்கு ஒரு கருங்காவலர் வேணும். இப்பவே ஆடணும்.”

“எனக்கும்” என்றான் இரண்டாமவன். கோவையிலிருந்து வந்த குழு அவனைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. மதுரைக்காரர்கள், தாங்கள்தாம் முதலில் கேட்டதாக வழக்காடினர். ஐயாதுரை, காலணியை இன்னும் அணியாமலேயே, நாற்காலியொன்றை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்.

“ஏலே, வரிசையில நில்லுங்கலே! காவக்காரன் ஆகணும்னா மொதல்ல ஒழுங்கா நிக்கத் தெரியணும்” என்று ஆண்டிச்சாமி கைகளை விரித்துக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். வரிசை கூடத்தின் வாசலைக் கடந்து தாழ்வாரம்வரை நீண்டது.

நானும் அதில் நின்றேன்.

“சார், நீங்களுமா!” என்று ஜெய்னப் வியந்தாள்.

“கேள்வி பிறகு கேட்கலாம். என் வாள் எவ்வளவு நீளம் என்பதை முதலில் சொல்” என்றேன்.